ஒரு கரண்டியா, ஐந்து கரண்டியா

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலையில் ஓர் அம்மாள். கல்கத்தாவில் வளர்ந்தவராம். பெண் பார்க்க வந்த இடத்தில் பாடச் சொல்கிற வழக்கம் இன்னும் இருக்கிறதா என்று எதிர்ப்பந்தியில் யாரோ கேட்டார்கள். இந்த அம்மாள் அவியலைப் பிசைந்தபடி, யாருக்கும் சொல்லாதது மாதிரி சொன்னார்: "என்னையும் ஒருத்தர் பாக்க வந்தார். பாடச் சொல்லலை. ஒரு ரசாயனச் சமன்பாட்டைக் கொடுத்து, இதைச் சமன் செய்யுங்கன்னார்."

நான் முழுதாகத் திரும்புவதற்குள் ரசம் வந்தது. ரசத்துக்குப் பிறகு யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார்.

அந்த 'ஒருத்த'ரைத்தான் கட்டிக்கொண்டாரா? தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். கை கழுவும் இடத்தில் இரண்டடி தள்ளித்தான் நின்றார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும், வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

ஆகவே இதில் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் என் கற்பனை. ரசாயனத்தை மட்டும் கற்பனை செய்ய முடியாது என்பதால், அதற்குக் கல்லூரியில் ரசாயனம் நடத்தும் என் தோழி கமலத்தைத் தொந்தரவு செய்தேன்.

2

தொடக்கம் ஒன்று: 'பவானிபூரில் மழை சிணுங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், காமு தன் மாம்பழ நிறப் பட்டுப்புடவையின் மடிப்பைச் சரிசெய்தபடி கண்ணாடியில்—'

வேண்டாம். கண்ணாடி முன்னால் நிற்கிற பெண்ணை வைத்து இதற்குமுன் எத்தனையோ கதை தொடங்கியாயிற்று.

தொடக்கம் இரண்டு: 'பொட்டாசியம் பர்மாங்கனேட் ஊதா நிறமான ஒரு—'

இது பரீட்சைக்குப் படிப்பது மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த ஊதா பிறகு வேண்டும். ஓரமாக வைத்துக்கொள்கிறேன்.

தொடக்கம் மூன்று:

மாப்பிள்ளை வீட்டார் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார்கள்.

இது நடக்கும். ஏனென்றால் ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. பாதாள ரயிலுக்காகப் பவானிபூரின் பெரிய தெருவை நடுவில் பிளந்து போட்டிருந்தார்கள். பள்ளத்தின் குறுக்கே போட்ட பலகையில் நடந்து வந்ததில் நாகலட்சுமியம்மாளின் புடவைக் கரை முழுக்க மண். பின்னால் அவருடைய மகன் சிவலிங்கம், செருப்பைக் கையில் பிடித்தபடி. இருவரையும் அழைத்து வந்தவர் மாரியப்ப அண்ணாச்சி. கரியாஹாட்டில் அப்பளம், வடகம், காப்பிப்பொடி விற்கிற கடை அவருடையது. கடைக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களில் எந்த வீட்டில் பெண், எந்த வீட்டில் பையன் என்பது சரக்கு இருப்பைப் போல அவருக்கு மனப்பாடம்.

"வாங்க, வாங்க. கால் கழுவ வெந்நீரே வச்சிருக்கேன்" என்றார் காமுவின் அம்மா சுப்பம்மாள்.

"இந்த ஊர்ல பொண்ணு பாக்கணும்னா மொதல்ல குழி தாண்டணும் போல" என்றார் நாகலட்சுமி. அது சிரிப்பா, குறையா என்று சுப்பம்மாளுக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அந்த நேரம் பார்த்து லோட்ஷெடிங். மின்விசிறி முனகி நின்றது. காமுவின் அப்பா வேதாச்சலம் டெலிபோன் இலாகாவில் வேலை பார்ப்பவர். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போகும் எண்ணத்தை ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டு, கல்கத்தாவிலேயே தங்கிவிட்டவர். மின்சாரம் போனதற்குத் தானே பொறுப்பு என்பதுபோல வெட்கப்பட்டு, பாயைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். சன்னலில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது.

காமு காப்பியோடு வந்தாள். வயது இருபத்தாறு. பெண்கள் பள்ளி ஒன்றில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகள் 'காமுதி' என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடும்.

"பாட்டு தெரியுமாம்மா?" என்றார் நாகலட்சுமி.

"தெரியாதுங்க."

"ஒண்ணு கூடவா?"

"பள்ளிக்கூடத்துல காலைல பிள்ளைகளோட சேந்து பாடுவேன். அது வங்காளப் பாட்டு."

"போதும் போதும்" என்றார் அண்ணாச்சி. "நாம என்ன கச்சேரியா வைக்கப் போறோம்?"

சிவலிங்கம் தொண்டையைச் செருமினான். கிடர்பூரில், கப்பலில் வந்து இறங்கும் எண்ணெய், கொழுப்பு வகைகளைச் சோதித்துச் சொல்லும் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை அவனுக்கு. "நான் ஒண்ணு கேக்கலாமா? சாக்பீஸ் இருக்குமா?"

ஆசிரியை வீட்டில் சாக்பீஸுக்கா பஞ்சம்! வாங்கிக்கொண்டு, குனிந்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் எழுத ஆரம்பித்தான்.

"ஏ சிவா, கோலம் அழியுது" என்றார் நாகலட்சுமி.

3

(ரசாயனம் மறந்துபோனவர்களுக்கு இந்தப் பகுதி. மறக்காதவர்கள் நாலாவதுக்குப் போகலாம்.)

ஒரு பொருளும் இன்னொரு பொருளும் சேர்ந்து வேறு பொருள்களாக மாறுகின்றன. அம்புக்குறிக்கு இடப்பக்கம் உள்ளே போகிறவை. வலப்பக்கம் வெளியே வருகிறவை. உள்ளே போன அணு ஒன்றுகூடக் காணாமல் போகாது, புதிதாக ஒன்றுகூடப் பிறக்காது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் எண்ணைப் போட்டு இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துவரும்படி செய்ய வேண்டும். அதுதான் சமன் செய்வது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. முன்னால் நிற்கும் எண்ணை மாற்றலாம். பெயரின் காலடியில் ஒட்டியிருக்கும் சின்ன எண்ணைத் தொடக் கூடாது. குடும்பக் கதை எழுதி எழுதி எனக்கு இது பழகிய விதி. விருந்துக்கு எத்தனை சித்தப்பாக்களை அழைப்பது என்று தீர்மானிக்கலாம். ஒரு சித்தப்பா எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க முடியாது.

சிவலிங்கம் எழுதியதில் இரண்டு பேர் முக்கியம். ஒன்று பர்மாங்கனேட். திராட்சை கழுவும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் பாத்திரமே ஊதாவாகிறதே, அது. இன்னொன்று பெராக்ஸைடு. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், காயத்தில் ஊற்றினால் நுரைக்கும். கொஞ்சம் அமிலத்தின் துணையோடு இரண்டும் சேர்ந்தால் குமிழ் கிளம்பும், ஊதா நிறம் போய்விடும்.

2KMnO₄ + ? H₂O₂ + 3H₂SO₄ → K₂SO₄ + 2MnSO₄ + ? H₂O + ? O₂

கேள்விக்குறி மூன்று இருந்தாலும் முதலாவதைக் கண்டுபிடித்தால் மற்ற இரண்டும் தானே வந்துவிடும். ஆகவே கேள்வி இவ்வளவுதான்: இரண்டு பங்கு பர்மாங்கனேட்டின் நிறத்தைப் போக்க எத்தனை பங்கு பெராக்ஸைடு?

4

அவன் பரீட்சை வைக்கிறானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்படியானால் எனக்கு அவனைப் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது, கதை இங்கேயே நின்றுவிடும். அவனை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதல் சிவலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டான். அடித்தேன். இரண்டாவது சிவலிங்கம், 'பாடத் தெரியாட்டி இதாவது தெரியுதான்னு பாப்போம்' என்று— அவனை வெளியே அனுப்பினேன். மூன்றாவது சிவலிங்கம் சாக்பீஸை இரண்டாக ஒடித்து ஒரு துண்டை அவளிடம் நீட்டினான். "நீங்க அந்தப் பக்கத் தரையில தனியாப் போடுங்க, நான் இந்தப் பக்கம் போடுதேன். யாரு மொதல்லன்னு பாப்போம்."

இவன் இருக்கட்டும்.

காமுவை இதற்குமுன் இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் வீட்டில் அவளைச் சன்னல் வரை நடந்து காட்டச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் பின்னலை இழுத்துப் பார்த்தார்கள். சாக்பீஸ் துண்டை வாங்கும்போது காமுவின் காது சூடாயிற்று. பட்டுப்புடவையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிவலிங்கம்தான் முதலில் நிமிர்ந்தான். "ஒண்ணு!"

கொஞ்சம் கழித்து அவள் சொன்னாள்: "அஞ்சு."

"ஒண்ணு போதுமே. பாத்தவுடனே தெரியுதே, எதுக்குப் பெரிய எண்ணு?"

"அஞ்சுதான் வரும்."

வேதாச்சலம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். அவருக்கு ரசாயனம் தெரியாது. எண்ணத் தெரியும். "ஆக்ஸிஜன்னா இந்த ஓ தானே? இந்தப் பக்கம் எட்டு, ரெண்டு, பன்னெண்டு... இருவத்திரெண்டு. அந்தப் பக்கமும் இருவத்திரெண்டு. மாப்பிள்ளை போட்டது சரி!" மண்டியிட்டபடியே மகளின் பக்கம் நகர்ந்தார். "இங்க முப்பது. அங்க... முப்பது. ஏ, காமுவும் சரிதாம்ல!"

"ரெண்டு பேரும் சரின்னா அப்புறம் என்ன?" அண்ணாச்சி தொடையில் தட்டினார். "பாலோ, பாலோ, ரொம்ப நல்லது! பொருத்தம் தரையிலயே எழுதியிருக்கே!"

"ரெண்டும் சரியா இருக்க முடியாது அண்ணாச்சி" என்றார்கள் காமுவும் சிவலிங்கமும், ஒரே மூச்சில். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

(கதையில் காதல் இந்த இடத்தில்தான் நிகழ்கிறது. கவனிக்காமல் போயிருந்தால் ஒரு வரி மேலே போய் வாருங்கள்.)

காமு அவனுக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்: "எண்ணிக்கை ரெண்டுலயும் ஒத்துத்தான் வருது. ஆனா யாரு எவ்வளவு கொடுக்கா, யாரு எவ்வளவு வாங்குதான்னு ஒண்ணு இருக்குல்ல? பர்மாங்கனேட் ஒண்ணுக்கு அஞ்சு எலக்ட்ரான் வேணும். பெராக்ஸைடு ஒண்ணு ரெண்டுக்கு மேல கொடுக்காது. அப்ப ரெண்டு பர்மாங்கனேட்டுக்குப் பத்து. அந்தப் பத்தைக் கொடுக்க அஞ்சு பெராக்ஸைடு."

சிவலிங்கம் தன் 'ஒன்றை'ப் பார்த்தான். அவளுடைய 'ஐந்தை'ப் பார்த்தான். "இருக்கலாம்" என்றான் மெதுவாக. "பாக்கணும்."

"என்னத்தப் பாக்கணும்?" நாகலட்சுமி எழுந்துவிட்டார். "பரீட்சையில மொத மார்க்கு வாங்குன பையன் நீ. கூடமே பாக்க ஒனக்குப் பதிலுக்குப் பதில் சொல்லுதா. நீ இருக்கலாங்கே."

5

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி வந்தார், கையில் காப்பிப்பொடிப் பொட்டலத்தோடு. கெட்ட செய்தி கொண்டுவரும்போது பொட்டலம் இலவசம்.

"பொண்ணு பிடிச்சிருக்காம். ஜாதகமும் சேந்துட்டு. ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. ஞாயித்துக்கிழமை வாராக. 'நான் போட்டது தப்பு'ன்னு காமு வாயால ஒரு சொல். சொல்லிட்டா அன்னைக்கே பூ வச்சிருவாகளாம்."

"சொல்லாட்டி?" என்றாள் காமு.

"தோத்துக் கொடுக்கத் தெரியாத பொண்ணு நமக்குச் சரிப்படாதுன்னு அந்தம்மா சொல்லுதாக."

நாகலட்சுமியை வில்லியாக எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். முயன்றேன். 'நாகலட்சுமியின் உதட்டில் ஒரு கோணல் சிரிப்பு—' வரவில்லை. ஏனென்றால் அண்ணாச்சியிடம் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "சிவா அப்பாகிட்ட நான் முப்பது வருசம் தோத்துக் கொடுத்தேன். அவுக சொன்னது தப்புன்னு தெரிஞ்சே தோத்தேன். அப்படித்தான் இந்தக் குடும்பம் நிமிந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச வழி அதொண்ணுதான் அண்ணாச்சி." தனக்குப் பலித்த ஒரே மருந்தை மருமகளுக்கும் கொடுக்கப் பார்க்கிறவரை எப்படி வில்லி என்பது?

அண்ணாச்சி போனதும் சுப்பம்மாள் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு எண்ணுதானட்டி. அஞ்சுன்னா என்ன, ஒண்ணுன்னா என்ன?"

"எம்மா, பன்னெண்டாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு அஞ்சுன்னு சொல்லிக்கொடுத்திருக்கேன்."

"அதுகளையா கட்டிக்கிடப் போற?"

"அங்க அஞ்சுன்னுட்டு வீட்டுக்கு வந்து ஒண்ணுங்கணுமா?"

"வீட்டுல நாங்கல்லாம் எத்தனைய அப்படிச் சொல்லியிருக்கோம்! ஒங்கப்பா அந்த விசிறிய அவுகளே ரிப்பேர் பண்ணுனதா இன்னமும் நெனச்சுக்கிட்டு இருக்காக. மறுநாள் மிஸ்திரிய நான்தான் வரச்சொன்னேன்."

காமுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபிறகு அழுகை வந்தது. அவனைப் பிடிக்காமல் இருந்திருந்தால் 'ஐந்து' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். பிடித்திருந்தது. சாக்பீஸை ஒடித்து நீட்டிய கையைப் பிடித்திருந்தது. 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்லை மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. ஆனால் தப்பென்று சொல்லி அவனை வாங்கினால், அவன் யாரிடம் 'இருக்கலாம்' என்றானோ அந்தப் பெண்ணாக அவள் இருக்க மாட்டாளே. அவன் வேண்டும். ஐந்தும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டில் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

6

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின. மூன்றையும் எழுதிவைத்திருக்கிறேன்.

அ. காமு 'நான் போட்டது தப்பு' என்கிறாள். பூ வைக்கிறார்கள். கல்யாணமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள் சிவலிங்கம் ஏதோ ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது— (இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது.)

ஆ. காமு சொல்லவில்லை. அவர்கள் எழுந்து போகிறார்கள். காமு தலைமை ஆசிரியை ஆகிறாள். தலைநிமிர்ந்து நடக்கிறாள். (தலைநிமிர்ந்து நடப்பவர்களுக்கும் சாயங்காலம் என்று ஒன்று உண்டே. அதைப் பற்றி இந்த முடிவில் ஒரு வரிகூட இல்லை.)

இ. சிவலிங்கம் தாயை எதிர்த்து, பதிவுத் திருமணம்— (நாகலட்சுமியம்மாள் தனியாக வீடு திரும்ப, பலகையைத் தாண்டும்போது யார் கை கொடுப்பது?)

மூன்றையும் கமலத்திடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் அதே ஆட்கள்தான் உள்ளே போகிறார்கள், அதே ஆட்கள்தான் வெளியே வருகிறார்கள், யாரும் காணாமல் போகவில்லை, கணக்கு ஒத்துவருகிறது, ஆனால் எதை எடுப்பது என்று தெரியவில்லை என்றேன்.

"உன் சமன்பாடும் அப்படித்தான்" என்றாள் அவள். "ஒண்ணு, அஞ்சு மட்டும் இல்லை. மூணு போட்டாலும் வரும், ஏழு போட்டாலும் வரும். போய்க்கிட்டே இருக்கலாம். தாளிலே எல்லாம் சரி."

"அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"கண்ணாடிக் குவளையிலே ஊத்திப் பாக்கணும்டி. வேற எப்படி?"

மூன்று முடிவுகளையும் மடித்து வைத்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை. மின்சாரம் இருந்தது. சிவலிங்கம் தோளில் துணிப்பையோடு வந்தான். நாகலட்சுமி பாயில் உட்கார்ந்து காமுவை நிமிர்ந்து பார்த்தார். கூடம் முழுவதும் அவள் வாயைப் பார்த்தது.

அன்று காலை காமு என்ன சொல்வதாக இருந்தாள்? மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். அவளுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தாள் என்பது வரை நிச்சயம்.

"ஒரு நிமிஷம்" என்றான் சிவலிங்கம். பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தான். ஒன்றில் ஊதா, அடியில் கொஞ்சம்தான். இன்னொன்றில் தண்ணீர் போன்றது, கழுத்து வரை. "ரெண்டும் ஒரே பலம். அளந்து கலக்கிக் கொண்டாந்திருக்கேன். அமிலமும் சேத்தாச்சு. ஊதாவுல ரெண்டு கரண்டி எடுத்துக்கிடுவோம். இதை ஒவ்வொரு கரண்டியா விடுவோம். ஒரு கரண்டியில நெறம் போயிட்டுன்னா நான் சொன்னது. அஞ்சு கரண்டி ஆச்சுன்னா அவுக சொன்னது. வாயால யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்த வெள்ளிக் கரண்டியோடு சுப்பம்மாள் ஓடிவந்தார்.

"எம்மா, அதுல அமிலம் இருக்கு, வெள்ளி வேண்டாம்" என்று சொல்லி, இருமல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் கரண்டியைத் தேடி எடுத்தாள் காமு. கண்ணாடித் தம்ளரைக் கழுவத் தாழ்வாரக் குழாய்க்குப் போனாள். தண்ணீர் விடுகிற சாக்கில் சிவலிங்கமும் வந்தான்.

அவள் தம்ளரைத் தேய்த்தபடி, நிமிராமல் கேட்டாள். "ஒரு கரண்டி போதும்னு நெனைக்கவரு எதுக்கு ஒரு பாட்டில் நெறைய கொண்டாந்தீய?"

அவன் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.

"திங்கக்கிழமையே பாத்துட்டீங்களா?"

"செவ்வாக்கிழமை. திங்கக்கிழமை கப்பல் வந்துட்டு."

"அப்ப ஏன் சொல்லி அனுப்பல?"

"நான் சொன்னா, பொண்ணுக்காக எறங்கிட்டான்னு அம்மா நெனைக்கும். எங்க அப்பா தப்புன்னு ஒருநாளும் சொன்னதில்ல. அதனால எங்கம்மாவுக்கு, ஆம்பள தப்புன்னு சொன்னா எப்படி இருக்கும்னே தெரியாது. கண்ணால பாக்கட்டும்னு கொண்டாந்தேன்."

"நான் அதுக்கு முன்னால தப்புன்னு சொல்லியிருந்தா?"

"அதான் நீங்க வாயத் தொறக்குததுக்கு முன்னால நான் பையத் தொறந்தேன்."

தம்ளர் எப்போதோ சுத்தமாகியிருந்தது. இருந்தும் இன்னொரு முறை கழுவினாள்.

(கமலம் இங்கே ஒரு குறிப்பு எழுதினாள்: 'முதல் சொட்டுகளில் நிறம் மெதுவாகத்தான் மாறும். பொறுமை வேண்டும். இதைச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் வாசகர்கள் செய்து பார்த்து என்னைத் திட்டுவார்கள்.' சொல்லிவிட்டேன். செய்து பார்க்க வேண்டாம்.)

8

இரண்டு கரண்டி ஊதாவைத் தம்ளரில் விட்டான். நாவற்பழச் சாறு மாதிரி இருந்தது.

முதல் கரண்டி. குமிழ் வந்தது. எல்லோரும் குனிந்து காத்திருந்தார்கள். ஊதா ஊதாவாகவே இருந்தது.

"சரியாக் கலக்கு" என்றார் நாகலட்சுமி.

"கலக்கிட்டேம்மா."

"இன்னொருக்கக் கலக்கு."

கலக்கினான். போகவில்லை. நாகலட்சுமி மகனின் முகத்தைப் பார்த்தார். அவன் முகத்தில் வருத்தம் இல்லாதது அவருக்குப் புதிராக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது. மூன்றாவது. நிறம் கொஞ்சம் இறங்கியது.

"அரே பாபா, சர்பத்து மாதிரி ஆயிட்டே" என்றார் அண்ணாச்சி. யாரும் சிரிக்கவில்லை.

நான்காவது. ஊதா ரோஜா நிறமாயிற்று. சன்னல் வெளிச்சத்தில் அழகாக இருந்தது. வேதாச்சலம் விரலை மடக்கியபடி, "நாலு" என்றார், கிசுகிசுப்பாக, கோயிலில் பேசுவதுபோல.

சிவலிங்கம் ஐந்தாவது கரண்டியை நிரப்பினான். தம்ளருக்கு மேல் கொண்டுபோனவன், என்ன தோன்றியதோ, நிறுத்தி, அம்மாவிடம் நீட்டினான்.

"இத நீங்க ஊத்துங்கம்மா."

நாகலட்சுமி வாங்கிக்கொண்டார். சிந்தாமல் வாங்கினார். வீட்டில் எத்தனையோ பேருக்கு மருந்து புகட்டிய கை அது.

"ஊத்துனா நெறம் போயிருமா?" என்று கேட்டார், காமுவைப் பார்த்து.

"போயிரும்."

"போகலைன்னா?"

"அப்ப நான் போட்டது தப்பு. இந்த எடத்துலயே சொல்லிருதேன்."

நாகலட்சுமி தலையசைத்தார். தம்ளரைப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்:

"போயிட்டுன்னா? அப்ப நான் என்ன சொல்லணும் தாயி?"

9

இந்தக் கேள்வி என் திட்டத்தில் இல்லை.

நிறம் போகுமா என்பதில் எனக்குக் கவலையில்லை, போய்விடும். அந்தக் குவளைக்கு ஒரே ஒரு விடைதான். ஆனால் பெரியவர் ஒருவர், வாழ்நாள் முழுவதும் தோற்றுக் கொடுத்தே ஜெயித்தவர், முதல் முறையாகத் தோற்றுக் கொடுக்காமலே தோற்கப் போகிறபோது, அவர் என்ன சொல்ல வேண்டும் என்று இருபத்தாறு வயதுப் பெண் எப்படிச் சொல்லுவாள்? 'நீங்களும் தப்புன்னு சொல்லுங்க' என்றால் நியாயம். அதே நியாயத்தைத்தான் அவர் இவளிடம் கேட்டார். 'ஒண்ணும் சொல்ல வேண்டாம் அத்தை' என்றால் அன்பு. ஆனால் அது தோற்றுக் கொடுப்பதுதானே, வேறு பெயரில்? வேறொரு பதில் இருக்கிறது, இருந்தே தீர வேண்டும். நான் ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே தாளில் ஒத்துவருகின்றன.

காமு ஏதோ சொல்கிறாள். உதடு அசைவது எனக்குத் தெரிகிறது. சொல் கேட்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நாகலட்சுமியம்மாள் ஊற்றப் போகிறார், அல்லது கரண்டியைத் திரும்ப மகன் கையில் கொடுக்கப் போகிறார்.

நீங்கள் மருமகளாக இருந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் மாமியாராக, இல்லாவிட்டால் நடுவில் பையோடு நின்ற மகனாக. ஆகவே உங்களைத்தான் கேட்கிறேன். அவள் என்ன சொன்னாள்? கொஞ்சம் சீக்கிரம். கரண்டி நிறைய இருக்கிறது, அந்த அம்மாளுக்குக் கை வலிக்க ஆரம்பித்துவிட்டது.